எழுத்தறியாதவர் தந்த எழுத்து

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, என் பாட்டி பாடும் தாலாட்டு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ள விரும்பினேன். குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர் அருகில் அமர்ந்தேன். நீலகிரியில் பிறந்த எனக்குத் தாய்மொழி படுக மொழி. பள்ளியில் படித்ததோ தமிழ். எங்கள் மொழிக்கென எல்லோரும் ஏற்று வழங்கும் எழுத்து இல்லாமையால், தமிழெழுத்திலேயே பாட்டை எழுதி முடித்தேன். எழுதியதைப் படித்துக் காட்டியபோது பாட்டி சிரித்துவிட்டார். அவர் வாயில் நாவை மடித்து ஒலித்த சில உயிரொலிகள் என் தாளில் வெறும் அகரமாகவும் ஒகரமாகவும் மாறிப் போயிருந்தன. சொல் அதுவேதான், ஆனால் பாட்டியின் சொல்லாக அது இல்லை.

இந்த உயிரொலிகளைப் பற்றி எமனோ என்னும் மொழியறிஞர் 1939-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார் என்பதைக் கல்லூரிக்குத் திரும்பிய பின்னரே அறிந்தேன். அதைத் தேடப் போன இடத்தில்தான் செக்குவோயா என்ற பெயர் என் கண்ணில் பட்டது. அமெரிக்க நாட்டின் தொல்குடிகளுள் ஒன்றான செரோக்கி இனத்தில் பிறந்தவர். எந்த மொழியிலும் எழுதப் படிக்க அறியாதவர். தம் மக்களின் மொழிக்குத் தனியொருவராக நின்று முழுமையான எழுத்தை அமைத்துத் தந்தவர். அவர் வாழ்வைப் படிக்கப் படிக்க, என் குறிப்பேட்டில் நேர்ந்த தோல்வி சிறியதாகவும், செய்ய வேண்டிய பணி பெரியதாகவும் எனக்குத் தோன்றிற்று. நான் படித்தறிந்ததை நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் தொழிலும்

செக்குவோயா பிறந்த ஆண்டு எவராலும் குறித்து வைக்கப்படவில்லை. 1770-ஆம் ஆண்டை ஒட்டியது என்பர். இன்றைய டென்னசி மாநிலத்தில், சிறிய டென்னசி ஆற்றங்கரையில் இருந்த டஸ்கீகி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் இருந்த இடம் இன்று டெலிகோ அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. தந்தை வெள்ளையர் வழியினர் என்று கூறுவர். ஆனால் அவரை வளர்த்தவர் தாயே. செரோக்கியரிடையே குலம் தாய்வழியாகவே எண்ணப்படும். ஆதலால் தாயின் குலமே மகனின் குலம். தாயின் மொழியே மகனின் மொழி. ஆங்கிலத்தை அவர் பேசவோ படிக்கவோ கற்றுக்கொள்ளவில்லை.

அவருக்குக் கால் ஊனம் இருந்தது. வேட்டையிலும் ஓட்டத்திலும் பிறரோடு போட்டியிட இயலாத நிலையில் கைத்தொழிலில் கருத்தைச் செலுத்தினார். வெள்ளி வேலையில் தேர்ந்து நல்ல பெயர் பெற்றார். அவர் செய்த அணிகலன்களில் தம் பெயரைப் பொறிக்குமாறு ஒருவர் யோசனை கூறினாராம். பெயரைப் பொறிக்க எழுத்துத் தெரிய வேண்டுமே! ஆங்கிலம் அறிந்த சார்லஸ் ஹிக்ஸ் என்னும் செரோக்கியத் தலைவரிடம் சென்று தம் ஆங்கிலப் பெயரை எழுதித் தரச்செய்து, அதைப் பார்த்து அவ்வாறே பொறித்தார் என்று சொல்லப்படுகிறது. தம் பெயருக்கும் இன்னொருவர் கையை நாட வேண்டியிருந்த அந்த நிலை அவர் உள்ளத்தில் தைத்திருக்க வேண்டும்.

பேசும் இலைகள்

வெள்ளையர் தாளில் கோடுகளை இட்டு அனுப்புவதும், நூறு கல் தொலைவில் இருப்பவர் அக்கோடுகளைப் பார்த்துச் செய்தியை அறிவதும் தொல்குடி மக்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தன. அத்தாள்களை அவர்கள் பேசும் இலைகள் என்றனர். அது வெள்ளையருக்கு மட்டும் வாய்த்த மந்திரம் என்று பலர் நம்பினர். செக்குவோயா நம்பவில்லை. அது மனிதர் செய்த கருவியே. ஆகவே தம்மாலும் செய்ய முடியும் என்று கருதினார். 1809-ஆம் ஆண்டளவில் இம்முயற்சியைத் தொடங்கினார்.

1813-இல் கிரீக் இனத்தாருடன் மூண்ட போரில் செரோக்கியர் அமெரிக்கப் படைக்குத் துணையாகச் சென்றனர். ஆண்ட்ரூ ஜாக்சன் தலைமையில் நடந்த அப்போரில் செக்குவோயாவும் பங்கேற்றார். வெள்ளைப் படைவீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினர். வீட்டிலிருந்து வந்ததைப் படித்து மகிழ்ந்தனர். செரோக்கி வீரருக்கோ அந்த ஆறுதல் இல்லை. எழுத்தின் தேவையை அப்போர்க்களம் அவருக்கு மேலும் உணர்த்தியது என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர்.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பு

முதலில் அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி என்று அமைக்கத் தொடங்கினார். குறிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. பின்னர் ஆயிரக்கணக்கில் பெருகின. இவ்வளவையும் யார் நினைவில் வைத்திருக்க முடியும்? அந்த வழி பயன்படாது எனக் கண்டு கைவிட்டார். பயிரையும் தொழிலையும் கவனியாமல் மரப்பட்டையில் கிறுக்கிக் கொண்டிருந்தவரைக் கண்டு ஊரார் நகைத்தனர். பித்துப் பிடித்தவர் என்றனர் சிலர். பில்லி சூனியம் செய்கிறார் என்றனர் வேறு சிலர். அவர் எழுதி வைத்தவற்றை மனைவியே தீயிலிட்டுவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. குடும்பம் வறுமையில் வாட, கணவர் கோடு கிழித்துக் கொண்டிருந்தால் எந்த மனைவிக்குத்தான் சினம் வராது?

செக்குவோயா சோர்ந்துவிடவில்லை. பேச்சை மீண்டும் மீண்டும் செவிமடுத்தார். சொற்கள் எண்ணிறந்தவை, ஆனால் சொற்களை ஆக்கும் அசைகள் சிலவே, அவையே திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைக் கண்டுகொண்டார். இதுவே அவர் வாழ்வின் பெருங்கண்டுபிடிப்பு. ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்று வகுத்தபோது 86 எழுத்துகள் போதுமானவையாக இருந்தன. பின்னர் ஒன்று வழக்கொழிய, எண்ணிக்கை 85 ஆயிற்று.

தமிழ் கற்ற நமக்கு இம்முறையைப் புரிந்துகொள்வது எளிது. நம் உயிர்மெய் எழுத்தும் ஓர் அசையையே குறிக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் எழுத்தில் க, கி, கு ஆகியவற்றின் வடிவில் ககரத்தின் சாயல் தெரியும். செரோக்கி எழுத்தில் அவ்வாறு இல்லை. ஒவ்வோர் அசைக்கும் தொடர்பில்லாத தனி வடிவம். சில வடிவங்கள் ஆங்கில எழுத்துகளைப் போலவே தோன்றும். ஒலியோ முற்றிலும் வேறு. ஆங்கிலத்தின் டி என்னும் எழுத்தைப் போன்றது அங்கே அகரம். ஆர் போன்றது எகரம். டபிள்யூ போன்றது லகரம். ஆங்கில நூலைப் பார்த்தவர்; ஆனால் படிக்கத் தெரியாதவர். ஆகவே வடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒலியைத் தம் மக்கள் நாவிலிருந்து தந்தார். இரவல் வடிவத்தில் சொந்த ஒலி குடியேறியது.

மகள் தந்த சான்று

1821-ஆம் ஆண்டளவில் எழுத்துமுறை முழுமை பெற்றது. அதை முதலில் கற்றவர் அவருடைய மகள் அயோக்கா. அப்போது அவள் ஆறு வயதையொட்டிய சிறுமி. ஊர்த் தலைவர்கள் நம்பவில்லை. தந்தையும் மகளும் முன்பே பேசி வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார்களோ என்று ஐயுற்றனர். இருவரையும் வேறு வேறு இடங்களில் நிறுத்தி, ஒருவரிடம் தாங்கள் கூறியதை எழுதச் சொல்லி, மற்றவரிடம் படிக்கச் சொல்லினர். சொன்னது சொன்னபடியே வந்தது. ஒரு சிறுமியின் வாயால் ஓர் இனத்தின் ஐயம் தீர்ந்தது.

பிறகு அவர் மேற்கே ஆர்கன்சாவுக்குக் குடிபெயர்ந்திருந்த செரோக்கியரிடம் சென்று எழுத்தைக் கற்பித்தார். அங்குள்ள தலைவர் ஒருவரின் உரையை எழுதி, உறையிட்டு, கிழக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினார். மலைகளும் ஆறுகளும் பிரித்திருந்த உறவினர் தம் சொந்த மொழியிலேயே பேசிக்கொண்டனர். அதன்பின் கடிதங்கள் இருபுறமும் பறந்தன.

பள்ளிக்கூடம் இல்லாத கல்வி

இவ்வெழுத்து பரவிய விதம்தான் என்னை மிகவும் வியக்க வைத்தது. பள்ளி கட்டப்படவில்லை, பாடநூல் அச்சிடப்படவில்லை, எந்த அரசும் ஆணையிடவில்லை. மொழி அறிந்தவர் ஒருவர் சில வாரங்களிலேயே, சிலர் சில நாட்களிலேயே, எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள முடிந்தது. கற்றவர் அண்டை வீட்டாருக்குக் கற்பித்தனர். மரப்பலகையிலும் வேலியிலும் கரித்துண்டால் எழுதிப் பழகினர். சில ஆண்டுகளுக்குள் எழுத்தறிந்தவர் விகிதத்தில் சுற்றிலும் குடியேறியிருந்த வெள்ளையரையும் செரோக்கியர் விஞ்சினர் என்று பலர் கருதுகின்றனர்.

செரோக்கி தேசிய மன்றம் 1824-இல் அவருக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கத் தீர்மானித்தது. 1825-இல் அவ்வெழுத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டது. போஸ்டன் நகரில் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. 1828 பிப்ரவரி 21-ஆம் நாள் ஜார்ஜியாவின் நியூ எகோட்டாவிலிருந்து செரோக்கி பீனிக்ஸ் என்னும் செய்தித்தாள் வெளிவந்தது. அமெரிக்கத் தொல்குடியினர் நடத்திய முதல் செய்தித்தாள் அதுவே. எலியாஸ் பூடினாட் என்னும் செரோக்கியர் அதன் ஆசிரியர். செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் அது வெளியாயிற்று.

அதே 1828-இல் மேற்குச் செரோக்கியரின் தூதுக்குழுவில் ஒருவராகச் செக்குவோயா வாஷிங்டன் சென்றார். அங்கே ஓவியர் சார்லஸ் பேர்ட் கிங் அவரை வரைந்தார். தலைப்பாகையும் நீண்ட புகைக்குழாயும் மார்பில் பதக்கமுமாக, எழுத்துப் பட்டியலைக் கையிலேந்திச் சுட்டிக்காட்டும் அவ்வுருவமே இன்று நாம் காணும் உருவம். மூல ஓவியம் 1865-இல் ஸ்மித்சோனியன் தீவிபத்தில் அழிந்தது, அச்சுப்படிகளே எஞ்சின. 1829-இல் அவர் இன்றைய ஓக்லகோமாவில் சாலிசா என்னும் ஊர் அருகே மரக்கட்டைகளால் சிறுவீடு ஒன்று கட்டிக்கொண்டார். அவ்வீடு இன்றும் காக்கப்படுகிறது.

கண்ணீர்ப் பாதை

எழுத்து வந்தது, நாடு போயிற்று. இதுவே அவ்வரலாற்றின் கொடுமை. ஜார்ஜியாவில் பொன் கிடைத்ததும் வெள்ளையரின் மண்ணாசை கரைகடந்தது. 1830-இல் தொல்குடிகளை அப்புறப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. அதில் கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர், செக்குவோயா யாருடைய படையில் போரிட்டாரோ அதே ஆண்ட்ரூ ஜாக்சன். செரோக்கி பீனிக்ஸ் 1834-இல் நின்றது. அடுத்த ஆண்டு அச்சுப்பொறியை ஜார்ஜியப் படையினர் பறித்துச் சென்றனர். 1838, 1839 ஆண்டுகளில் ஏறக்குறைய 16,000 செரோக்கியர் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டு மேற்கே நடத்தப்பட்டனர். பசியாலும் குளிராலும் நோயாலும் 4,000 பேர் அளவில் மாண்டனர் என்பது பொதுவான கணக்கு. அவ்வழி கண்ணீர்ப் பாதை என்றே வரலாற்றில் பெயர் பெற்றது.

வந்து சேர்ந்தவர்களுக்கும் முன்பே அங்கிருந்தவர்களுக்கும் பூசல் மூண்டது. இரத்தமும் சிந்தியது. முதிய செக்குவோயா இரு சாராரையும் இணைக்கப் பாடுபட்டார். 1839-இல் ஏற்பட்ட ஒற்றுமை உடன்பாட்டில் அவரும் ஒப்பமிட்டார். எழுத்தால் சேர்த்தவர்களை இறுதியில் நேரில் நின்றும் சேர்க்க வேண்டியிருந்தது.

இறுதிப் பயணம்

1842-ஆம் ஆண்டு. அவருக்கு வயது எழுபது இருக்கலாம். செரோக்கியருள் ஒரு கூட்டத்தார் தெற்கே மெக்சிகோ நாட்டுக்குள் சென்று வாழ்ந்து வந்தனர். அவர்களையும் கண்டு இனத்தோடு சேர்க்க வேண்டும் என்று, மகனையும் சில துணைவரையும் அழைத்துக்கொண்டு ஊனக்காலோடு புறப்பட்டார். நெடும்பயணத்தில் நலிவுற்று 1843-இல் மெக்சிகோ மண்ணிலேயே உயிர் துறந்தார். அவருடைய கல்லறை இருக்குமிடம் உறுதியாக அறியப்படவில்லை. தேசிய மன்றம் அவருக்களித்த உதவித்தொகை அவர் மனைவிக்கும் தொடர்ந்தது.

தனக்கென ஒரு கல்லறை இல்லாதவருக்குப் பின்னாளில் புகழ் குறைவின்றி வந்தது. 1905-இல் தொல்குடிகள் தமக்கெனத் தனி மாநிலம் கேட்டபோது அதற்குச் செக்குவோயா என்றே பெயர் சூட்டினர். அக்கோரிக்கையை அமெரிக்கப் பேரவை ஏற்கவில்லை. 1917-இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஓக்லகோமா அவருடைய சிலையை நிறுவியது. 2017-இல் வெளியான ஒரு டாலர் நாணயத்திலும் அவர் உருவம் இடம்பெற்றது.

சிற்றூர்கள் காத்த மொழி

நண்பர்களே, இவ்வரலாற்றைச் சிலையோடு முடித்துவிட எனக்கு மனமில்லை. செக்குவோயா இறந்த பின் அந்த எழுத்தைக் காத்தவர் யார் என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் பட்டது.

1844-இல் ஓக்லகோமாவின் தாலேகுவாவில் செரோக்கி அட்வகேட் என்னும் செய்தித்தாள் தொடங்கப்பட்டது. செரோக்கியரின் தன்னாட்சி பறிபோன நிலையில் 1906-இல் அதுவும் நின்றது. குழந்தைகளை உறைவிடப் பள்ளிகளில் சேர்த்து, தாய்மொழி பேசினால் தண்டித்தனர். அச்சும் அரசும் பள்ளியும் கைவிட்ட பிறகு மொழி எங்கே ஒதுங்கியது? சிற்றூர்களில் ஒதுங்கியது. நாட்டு மருத்துவர்கள் மூலிகை முறைகளையும் மந்திரங்களையும் சிறு குறிப்பேடுகளில் இவ்வெழுத்தில் எழுதி வைத்தனர். விரட்டலுக்குத் தப்பி வடகரோலினா மலைகளில் தங்கிவிட்டவர்களிடையே 1887-இல் சென்ற ஜேம்ஸ் மூனி என்னும் ஆய்வாளர், ஸ்விம்மர் என்ற மருத்துவரிடம் அத்தகைய குறிப்பேட்டைக் கண்டு வியந்தார். தேவாலயங்களில் செரோக்கி விவிலியமும் பாடல் நூலும் கைமாறிக் கைமாறி வழங்கின. கூட்டாக உழைத்து ஒருவருக்கொருவர் உதவுவதை அவர்கள் கடூகி என்பர். அந்த உணர்வே மொழியையும் தாங்கியது. அறுவடையில் அண்டை வீட்டாருக்குக் கைகொடுத்தவர் அம்மொழியிலேயே பேசினார், அவ்வளவுதான்.

எனினும் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. இவ்வளவு சிறந்த எழுத்து இருந்தும், செரோக்கியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று ஏறக்குறைய 2,000 பேரே. செரோக்கி நேஷன் என்னும் அமைப்பில் மட்டும் 4,50,000-க்கு மேற்பட்டோர் உறுப்பினர். பேசுவோரில் பெரும்பாலோர் முதியோர். 2019-இல் மூன்று செரோக்கி அமைப்புகளும் கூடித் தம் மொழிக்கு நெருக்கடி நிலை அறிவித்தன. அவ்வெழுத்தில் குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் உயிரின் நீட்டத்துக்கும் குறியில்லை. மொழியைப் பேசி வளர்ந்தவருக்கே அது முழுமையாக வாய் திறக்கும். எழுத்து பேச்சுக்குத் துணை செய்யும். பேச்சின் இடத்தில் அமர்ந்துவிட அதனால் இயலாது.

இதை உணர்ந்தே அவர்கள் மீண்டும் குழந்தையிடமிருந்து தொடங்கியிருக்கின்றனர். 2001-இல் தாலேகுவாவில் செரோக்கி மொழியிலேயே எல்லாப் பாடங்களும் நடைபெறும் பள்ளி ஏற்பட்டது. வளர்ந்தோர் ஊதியம் பெற்றுக்கொண்டு, மொழியறிந்த மூத்தோருடன் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் அமர்ந்து கற்கும் திட்டமும் நடைபெறுகிறது. 1999-இல் இவ்வெழுத்து கணினிக்கான பொதுக் குறியீட்டில் சேர்ந்தது. 2010-இல் ஐபோனிலும் ஏறியது. அயோக்காவைப் போன்ற சிறுமியர் இன்று பாட்டிக்குக் கைப்பேசியில் செரோக்கி எழுத்தில் செய்தி அனுப்ப முடிகிறது.

நாம் செய்ய வேண்டுவது

நம் கல்லூரியிலும் வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் ஒரு மொழியுமாக வாழ்வோர் பலர். படுக மொழி, இருள மொழி, குறும்ப மொழி, தோடா, கோத்தா, சௌராட்டிரம் என்று அவை பல. விடுதி அறையில் அவற்றைப் பேசக் கூச்சப்படுகிறோம். நானும் கூச்சப்பட்டவன்தான். பாட்டி படுக மொழியில் கேட்டால் நான் தமிழில் விடை சொல்வேன். அவரும் அதற்குப் பழகிவிட்டார். தாலாட்டை எழுதி வைக்க ஓடிய நான், அவருடன் பேச மறந்திருந்தேன் என்பதைச் செக்குவோயாவின் வாழ்வுதான் எனக்கு எடுத்துக்காட்டியது. தமிழ் எனக்கு அறிவு தந்த மொழி. அதன்மேல் எனக்குள்ள பற்று சிறிதும் குறையாது. ஒரு மொழியை நேசிக்கக் கற்றவன் இன்னொன்றைக் கைவிட வேண்டியதில்லை அன்றோ?

நம்மில் எவரும் செக்குவோயா ஆகிவிட முடியாமல் போகலாம். பன்னிரண்டு ஆண்டு ஏளனத்தைத் தாங்கும் உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அவரிடம் முதலில் பாடம் கேட்ட அயோக்கா ஆவது அரிதன்று. மூத்தோர் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைச் செவிமடுத்து, அதே மொழியில் மறுமொழி கூறினால் போதும். மூத்தோர் சொல்லும் பாட்டையும் கதையையும் ஒலிப்பதிவு செய்யலாம். செடிகொடிகளின் பெயர்களைத் தொகுக்கலாம். நம் மொழித்துறைப் பேராசிரியர்கள் வழிகாட்டினால் ஒவ்வோர் ஆண்டும் இம்மலரிலேயே சில பக்கங்களை அதற்கு ஒதுக்கலாம்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது குறிப்பேட்டை எடுத்துச் செல்லத்தான் போகிறேன். ஆனால் அதை உடனே திறக்கப் போவதில்லை. முதலில் பாட்டியிடம் அந்த உயிரொலிகளைச் சொல்லப் பழகிக்கொள்வேன். அவர் சிரிக்காமல் கேட்கும் நாளில் எழுதத் தொடங்குவேன்.